கண்ணை மூடிப் பேசிய தமிழ்

சிங்கப்பூருக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். என் தோளுக்கு மேலாக எட்டி வீட்டுக்குள் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யூ ஓகே ஆ? ஹஸ்பண்ட் ஆங்க்ரி ஆ?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அப்போது வீட்டிலேயே இல்லை. நான் அரைமணி நேரமாக டெலிபோன் கார்டு போட்டு ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் முள்ளிப்பட்டில் இருக்கிற என் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் புதிதாக வாங்கிய கிரைண்டரைப் பற்றி இரண்டு பேரும் சந்தோஷமாகப் பேசியதுதான் அந்த அம்மா காதில் அடிதடியாக விழுந்திருக்கிறது. "நோ, நோ. சிஸ்டர். ஹேப்பி" என்றேன். அவர் நம்பவில்லை. பழங்களை என் கையில் கொடுத்து, முழங்கையைத் தடவிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு லிஃப்டில் என் வீட்டுக்காரரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவர் காரணம் புரியாமல், "இந்தம்மா இன்னா மே, என்ன மொறைச்சிகினே போவுது" என்று பல நாள் கேட்டார். நான் சொல்லவில்லை.

நான் சத்தமாகப் பேசுகிறவள் அல்ல. ஊரில் என்னை ஊமை என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச வாய் வராது. ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு தறி, பெரியப்பாவுக்கு ஒரு தறி. விடிந்ததிலிருந்து இரண்டும் ஓடும். சமையல்கட்டிலிருந்து "சோறு ஆயிடுச்சி" என்று சொல்வதானால் அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறித்தான் சொல்லவேண்டும். அதனால் வெளியாட்களிடம் பேசவே பேசாத நான், வீட்டு ஆட்களிடம் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிவிட்டேன். சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் தறி இல்லை. குரல் மட்டும் கூட வந்துவிட்டது.

ஆரணிப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், நாங்கள் பேசுவது தமிழில் ஒரு தமிழ் என்று. வந்துகினு, போயிகினு, குந்திகினு. வீடு எங்களுக்கு வூடு. மழை வருவதில்லை, 'மய' வரும். வாழைப்பழத்தை வாயப்பயம் என்றுதான் தின்போம். அவசரமென்றால் ஜல்தி, தொந்தரவென்றால் பேஜார். இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது என்று எனக்கு முப்பது வயது வரை தெரியாது. சிங்கப்பூரில் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் சேர்ந்த முதல் ஞாயிறுதான் தெரிந்தது. ஆராதனை முடிந்து டீ கொடுத்தார்கள். ஒரு அம்மா சர்க்கரை போதுமா என்று கேட்க, நான் "இன்னா?" என்றேன். பக்கத்திலிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. சினிமாவில் ரிக்‌ஷாக்காரர் வந்தால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

சிரித்தவர்களின் தமிழ் என்ன யோக்கியம் என்று மெல்ல மெல்லக் கவனித்தேன். வாய் பேசாதவர்களுக்குக் காது நன்றாக வேலை செய்யும். திருநெல்வேலி எஸ்தர் அக்கா "நான் சொல்லுதேன், கேளு" என்பார். வந்தவர்கள் எல்லோரும் அவருக்கு 'அவிய', 'இவிய'. நாகர்கோவில் அண்ணன் ஒருவர் "எனக்க மோன்" என்று தன் மகனைக் காட்டியபோது நான் அவர் மலையாளி என்றே நினைத்தேன். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் என்னிடம் கதைக்க வேண்டும் என்றார். என்ன கதை சொல்லப்போகிறாரோ என்று உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூர்க்காரர்கள் திட்டினால்கூட மரியாதையாகத்தான் இருக்கிறது. இவர்கள் ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் சேர்ந்து சிரிப்பதற்கு என் பேச்சுதான் வசதியாக இருந்தது. எஸ்தர் அக்கா ஒருநாள் அன்பாகவே, "நீ நல்ல பிள்ளையாத்தான இருக்க. ஏன் இப்படிப் பேசுத?" என்று கேட்டார். நான் சிரித்துவைத்தேன். அதிலிருந்து வெளியில் பேச வேண்டி வந்தால் 'உட்காருங்க', 'வந்துக்கிட்டு இருக்கேன்' என்று ஒவ்வொரு சொல்லாகத் துடைத்து எடுத்துப் பேச ஆரம்பித்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் செருப்பைக் கழற்றுவதுபோல அதைக் கழற்றிவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. அவர் ஊரும் எங்கள் பக்கம்தான், தேசூர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கப்பல் பட்டறைக்கு வெல்டராக வந்து, சூப்பர்வைசர் ஆனபிறகு எங்களை அழைத்துக்கொண்டார். சீனரோ, மலாய்க்காரரோ, வங்காளதேசத்துக்காரரோ, யாரானாலும் தேசூர்த் தமிழை நடுவில் கலந்துதான் பேசுவார். அவர்களும் 'ஜல்தி லா' என்று பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

எங்கள் மகள் கிருபா இரண்டு வயதில் இங்கே வந்தவள். ஆங்கிலத்தில் கெட்டிக்காரி. தமிழ் என்றால் அவளுக்கு நானும் அப்பாவும் பேசுவதுதான் தமிழ். அதில் ஒரு குறையும் எங்களுக்குத் தெரியவில்லை, அவள் ஆறாம் வகுப்புக்கு வருகிற வரைக்கும்.

இந்த நாட்டில் ஆறாம் வகுப்பில் ஒரு பெரிய பரீட்சை. எந்த உயர்நிலைப் பள்ளி கிடைக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். தமிழும் அதில் ஒரு பாடம். எழுதுவது மட்டும் போதாது, இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து பேசியும் காட்டவேண்டும். ஒரு படத்தைக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த வருடம் தொடக்கத்தில் பள்ளியில் தமிழாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், என் வயதுதான் இருக்கும். கிருபா நன்றாக எழுதுகிறாள், ஆனால் பேச்சில் 'குந்திகினு' வருகிறது, வாசிக்கும்போது 'மய பெய்தது' என்கிறாள், தேர்வில் அது மதிப்பெண்ணைக் குறைக்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கடைசியில், "வீட்டில் கொஞ்சம் நல்ல தமிழ் பேசுங்கம்மா. பிள்ளை காதில் அதுதான் விழவேண்டும்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பேருந்தில் வரும்போது என்னால் என் பிள்ளையின் படிப்பு கெடுகிறதே என்று கண்ணில் தண்ணீர் நின்றது.

நல்ல தமிழ் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரியும். நன்றாகவே தெரியும். அதைச் சொல்ல நான் கொஞ்சம் முள்ளிப்பட்டுக்குப் போக வேண்டும்.

எங்கள் தெருவில் சபைக் குடும்பங்கள் ஏழெட்டு இருந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கூட்டம், வாரம் ஒரு வீடு. எங்கள் வீட்டு முறை வரும்போது அப்பா தறியை நிறுத்திவிட்டு, அதில் இழுத்துக் கட்டிய பாவு நூலின்மேல் யாரும் கைபடாதபடி பழைய வேட்டியால் மூடிவைப்பார். இடம் பற்றாது. தறியைச் சுற்றிப் பாய் போட்டு உட்காருவோம். பிந்தி வந்தவர்கள் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு குந்துவார்கள். ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம் செய்யவேண்டும், அது வழக்கம். அதில்தான் ஒரு அதிசயம் நடக்கும். குழாயடியில் அன்றைக்குக் காலையில் ரூத் சித்தி பக்கத்து வீட்டு மேரியம்மாவைப் பார்த்து, "உன் கொடத்த எட்த்துகினு அந்தாண்ட போ. காலங்காத்தால பேஜார் பண்ணிகினு" என்று கத்தியிருப்பார். சாயங்காலம் அதே ரூத் சித்தி முக்காடு போட்டுக் கண்ணை மூடியதும், "எங்கள் அண்டை வீட்டாரின் மனக்கடினத்தை இளக்கியருளும்" என்பார். 'வூடு' வீடாகிவிடும். ழகரம் தேன் மாதிரி வழியும். அடுத்த முறை மேரியம்மாவுடையது. "பதறுகிற நாவுகளை அமரப்பண்ணும்" என்று பதில் கொடுப்பார். காலையில் ஆரணித் தமிழில் நடந்த சண்டை, சாயங்காலம் ஜெபத் தமிழில் தொடரும். கண்ணைத் திறந்து ஆமென் சொன்ன அடுத்த நொடி, "டீத்தண்ணி இன்னும் வர்ல, இன்னா பண்றாங்க உள்ள?" என்று பழையபடி ஆகிவிடும்.

நான் பத்தாவதோடு நின்றவள். பள்ளியில் எழுந்து பாடம் ஒப்பிக்கச் சொன்னால் நடுங்குவேன். ஆனால் அந்தக் கூட்டத்தில், கண்ணை மூடிக்கொண்டால், என் முறை வந்ததும் தடங்கல் இல்லாமல் பேசுவேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்கிற தைரியம். எனக்குத் தெரிந்த நல்ல தமிழ் அந்த ஒன்றுதான்.

ஆகவே டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை, கிருபாவின் கட்டில் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "மகளே, எழுந்திரு. பொழுது விடிந்தது" என்றேன். அவள் விழித்து, பயந்துபோய், "யார் செத்துட்டாங்க?" என்று கேட்டாள். "ஒருவரும் மரிக்கவில்லை. நீ ஸ்நானம்பண்ணி ஆயத்தமாகு" என்றேன். சாப்பாட்டு மேசையில் "போதுமான அளவு புசித்தாயா?" என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் அந்தத் தமிழ் ஓடிப்போய்விடும். அதனால் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, கண்ணை மூடி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, மறுபடி திறந்து தோசையைப் பார்ப்பேன். மூன்று தோசை தீய்ந்தது. என் வீட்டுக்காரர் தட்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "இன்னா மே, வூட்டுக்குள்ளயே ஆராதனையா? நான் ஷூவ கழட்டட்டுமா?" என்றார். "பரிகாசம் பண்ணாதிரும்" என்றேன். அவருக்கு என்னிடமிருந்து அப்படி ஒரு மரியாதை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பாக இருந்தாலும் நான் விடவில்லை. பிள்ளையின் பரீட்சை. கிருபாவும் சில நாளில் பழகிக்கொண்டாள். இதுதான் தேர்வுக்கான தமிழ் போலிருக்கிறது என்று நம்பி, என்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றாள். இரண்டு மாதத்தில் கடகடவென்று பேசினாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

பள்ளியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். வகுப்பு முழுவதும் பார்க்க, ஒவ்வொரு பிள்ளையாக முன்னால் வந்து பேசவேண்டும். கிருபாவுக்கு வந்தது ஒரு சாப்பாட்டுக் கடைத் தொகுதியின் படம். அவள் படத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கோத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறாள்: "இதோ, திரளான ஜனங்கள் புசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வயோதிகர் மிகுந்த பிரயாசத்தோடு பாத்திரங்களைச் சுமக்கிறார்." பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இவள் தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று இன்னும் இறுக்கிக் கண்ணை மூடியிருக்கிறாள். ஏன் கண்ணை மூடுகிறாய் என்று டீச்சர் கேட்டதற்கு, "நல்ல தமிழ் அப்படித்தான் பேசணும். எங்க அம்மா அப்படித்தான் பேசுவாங்க" என்று சொன்னாளாம். பிள்ளைகள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்களாம். அதை அவள் வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில்தான் சொன்னாள். முடித்துவிட்டு, இனி உன்னிடம் தமிழ் பேசமாட்டேன் என்பதையும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

அதைப் பிள்ளைக் கோபம் என்று நினைத்தேன். ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. கேட்டதற்கு 'யெஸ்', 'நோ', 'லேட்டர்'. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மார்க்கெட்டில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான். அவள் பள்ளியில் யாரோடு சண்டை, எந்தத் தோழிக்குப் பிறந்தநாள், எதற்காக ராத்திரி தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் எனக்குத் தெரியாமல் போனது. நானும் எந்தத் தமிழில் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். ஜெபத் தமிழில் கூப்பிட்டால் அவளுக்கு அழுகை வருகிறது. பழைய தமிழில் கூப்பிட்டால் பரீட்சை கெடும். வீட்டில் குக்கர் சத்தம் மட்டும் இருந்தது. எதிர்வீட்டு அம்மாகூட, சத்தமே காணோமே என்று நினைத்தாரோ என்னவோ, வாசலில் என்னைப் பார்த்து "ஹஸ்பண்ட் குட் ஆல்ரெடி?" என்று சந்தோஷமாகக் கேட்டார். "யெஸ். குட்" என்றேன்.

பதினேழாம் நாள் நான் பள்ளிக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். கிருபா பையை மாட்டிக்கொண்டு நடைவழியில் நின்றாள்; என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. டீச்சர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"டீச்சர், நான் ஒன்னு சொல்லட்டுங்களா. என் பொண்ணு எங்கிட்ட பேச மாட்டேங்குது. பதினேழு நாளாச்சி. உங்க தமிழு எனக்கு வர்லங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல தமிழு சாமிகிட்ட பேசறதுதான், அத்த பேசி புள்ளைய சிரிப்பா சிரிக்க வெச்சிட்டேன். நீங்க சொல்லிக்குடுக்கறத அது இங்க பேசட்டும். மார்க்கு கொறைஞ்சா கொறையட்டுங்க. வூட்ல நான் எங்க ஊரு பேச்சுதான் பேசுவேன். இல்லன்னா எனக்குப் புள்ள இல்லாம போயிடும்."

இவ்வளவையும் கண்ணைத் திறந்துகொண்டு, டீச்சர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். குரல் தறிச் சத்தத்துக்கு மேலே ஏறிவிட்டிருந்தது போல. வெளியே போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

டீச்சர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடினார். "நான் தமிழ் டீச்சர். என் பிள்ளைகள் ரெண்டு பேரும் என்னோடு இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள் அம்மா" என்றார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வீட்டில் பேசுங்கள்" என்றார்.

பேருந்தில் கிருபா என்னோடு உட்காராமல் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். எங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், திரும்பாமலே, "ஏம்மா அவ்ளோ சத்தமா பேசின? எல்லாரும் நின்னு பாத்துகினு இருந்தாங்க" என்றாள். அவள் என்மேல் கோபமாகத்தான் சொன்னாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, அதை இன்னொரு முறை சொல்லவைத்தேன்.

பரீட்சை வந்தது, போனது. பேச்சுத் தேர்வில் மட்டும் எவ்வளவு என்று தனியாகச் சொல்லமாட்டார்கள். மொத்தத்தில் தமிழ் நடுத்தரம்தான். அவள் கேட்ட முதல் பள்ளி கிடைக்கவில்லை, இரண்டாவது கிடைத்தது. முதல் பள்ளி கிடைக்காததற்கு என் பேச்சு எவ்வளவு காரணம் என்று இன்றைக்கும் சில நாள் யோசிப்பேன். அவள் அதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

அந்த டிசம்பரில் மூவரும் ஊருக்குப் போனோம். என் வீட்டுக்காரர் நேராகத் தேசூருக்குப் போக, நானும் கிருபாவும் ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கினோம். ஆட்டோ பிடிக்க வேண்டும். வெளியாளிடம் பேச வேண்டும் என்றதும் பத்து வருடப் பழக்கம் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. "வணக்கங்க. முள்ளிப்பட்டு வரைக்கும் போகணும். வருவீங்களா?" என்றேன். ஒவ்வொரு எழுத்தும் துடைத்து வைத்ததுபோல வந்தது. ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, மரியாதையாகப் பையை வாங்கி வைத்தார். வண்டி கிளம்பியதும், "மேடம் எந்த ஊருங்க? பட்டு எடுக்க வந்தீங்களா? முள்ளிப்பட்டுல போயி தறிக்காரங்ககிட்ட ஏமாந்துடாதீங்க. நான் நல்ல கடையா இட்டுகினு போறேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து கிருபா சொன்னாள்: "அண்ணா, எங்க தாத்தா வூடே தறி வூடுதான். நீங்க ஜல்தியா போங்க. மய வர்ற மாதிரி கீது."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அட, நீ நம்மூரு பொண்ணா? அத்த மொதல்லயே சொல்றதில்ல?" என்று சிரித்தார். பிறகு கண்ணாடியை லேசாகத் திருப்பி என்னைக் காட்டி, "அப்ப இவங்க? விருந்தாளிங்களா?" என்று அவளைத்தான் கேட்டார்.

"எங்க அம்மா. அவங்க வெளிய அப்டித்தான் பேசுவாங்க" என்றாள் கிருபா. அதன்பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். எந்தத் தெரு, எந்த வீடு, தாத்தா பேர் என்ன, எல்லாம் அவள்தான் சொன்னாள். நடுவில் அவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வண்டியை மெதுவாக்கி, கையை வெளியே நீட்டி, "மேடம், அதோ பாருங்க. ரோட்டோரமா நூலை இஸ்து கட்டிகினு இருக்காங்களே, அதுக்குப் பேரு பாவு. அதுலதான் சேலை நெய்வாங்க" என்று, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் காட்டிய பக்கம் எட்டிப் பார்த்தேன்.